ஏழு பிணங்களும் ஒரு மேசை விரிப்பும்

லண்டன் பாலத்துக்குத் தெற்கே, ஆற்றின் எங்கள் கரையில், ஆம்புரோஸ் டில்லியைத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. பதினாலு வருடமாக அவன் எங்கள் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாவதில்லை. அன்றைக்குக் கூத்தரங்கம் மூடியிருக்கும், அவனும் மற்றவர்களைப் போலக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஆட்டுக்கறி தின்பான்.

ஈஸ்ட்சீப் கறிக்கடைத் தெருவில் பிறந்தவன். அப்பா, தாத்தா எல்லாருமே கசாப்புக்காரர்கள். அவனும் கத்தியைத் தீட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பான். ஆனால் எங்கள் கரையில் 'மயில்' என்று ஒரு கூத்தரங்கம் கட்டினார்கள். அதில் பழிவாங்கும் நாடகங்கள் போட்டார்கள். அவற்றுக்கு ரத்தம் வேண்டும். மாட்டு ரத்தம் சீக்கிரம் கட்டியாகிவிடும், ஆட்டு ரத்தம்தான் நன்றாக ஓடும். அதை வாளியில் சுமந்துகொண்டு பாலத்தைக் கடந்து போவது ஆம்புரோஸின் வேலை. நடிகர்கள் அதைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் ஊற்றிக் கட்டி, சட்டைக்குள் ஒளித்துவைத்துக்கொள்வார்கள். வாள் பட்டதும் பை கிழியும், சட்டை நனையும், ஜனம் அலறும்.

ஒருநாள் காவலன் வேடம் போடுகிறவன் குடித்துவிட்டு எங்கேயோ கிடந்தான். குழுத்தலைவர் ஹம்ஃப்ரி கேரோ வாளியோடு நின்ற ஆம்புரோஸைப் பார்த்தார்.

"தம்பி, நீ வாயே திறக்க வேணாம். நான் குத்துவேன். விழு. அவ்ளோதான்."

அவன் விழுந்தான். ஆடு எப்படி விழும், முதலில் எந்தக் கால் மடங்கும், கண் எப்போது நிலைகுத்தும் என்பதெல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவன் அல்லவா? மேடைக்கு முன்னால், ஜனம் நின்று பார்க்கிற முற்றத்தில் ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த பெண்பிள்ளை கூடையைப் போட்டுவிட்டுக் காவல்காரனைக் கூப்பிட ஓடினாள். அதோடு ஆம்புரோஸ் கறிக்கடைக்குத் திரும்பவில்லை. அவனுடைய அப்பா ஒரு வருடம் அவனோடு பேசவில்லை. பேசினபோது, "ஆடு அறுக்கிற வம்சத்துல பொறந்து, ஆடாவே போயிட்டியேடா" என்றார்.

எங்கள் ஜனங்களுக்குப் பழிவாங்கும் நாடகம் என்றால் உயிர். ஏன் என்று கேட்டால் காரணம் இருக்கிறது. பழி கடவுளுக்குரியது, நீ கை வைக்காதே என்பார் பாதிரியார். பழி அரசியாருக்குரியது, நீ கை வைக்காதே என்பார் நீதிபதி. ஆக, நம் கூரையைப் பிரித்துப் போட்ட வீட்டுக்காரனுக்குத் தெருவில் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைக்க வேண்டியதுதான். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பென்னியைக் கொடுத்துவிட்டு மயிலுக்குள் போய் நின்றால், வீட்டுக்காரனை விடப் பத்து மடங்கு கொடியவனான ஒரு கோமகனை வயிற்றில் குத்திக் கொல்வதைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு வந்தால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். நான் பொய் சொல்லவில்லை, நீங்களும் நின்று பாருங்கள்.

கதை எப்போதும் ஒன்றுதான். இத்தாலி தேசத்தில் நடக்கும், ஏனென்றால் நம் ஊரில் பெரிய மனிதர்கள் யாரும் கொலை செய்ய மாட்டார்கள் என்று அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டுமே! முகத்தில் மாவு பூசிய ஆவி ஒன்று பலகைக் கதவைத் திறந்துகொண்டு கீழேயிருந்து வந்து, என்னைக் கொன்றவனைக் கொல் என்று தன் தம்பியிடம் கேட்கும். கொன்றவனே நாட்டை ஆள்கிறவன், வழக்குப் போட முடியாது. தம்பி பைத்தியம் போல நடிப்பான். நான்கு அங்கம் யோசிப்பான். ஐந்தாம் அங்கத்தில் விருந்து வைத்து எல்லாரையும் கொன்றுவிட்டுத் தானும் சாவான். ஒரே ஒருத்தன் மட்டும் மிச்சம் இருப்பான். அவன்தான் கடைசியில் முன்னால் வந்து, நடந்த கேட்டைச் சொல்லி, பிணங்களை எடுக்கச் சொல்லி, நாட்டுக்குப் புது அரசனை அறிவிப்பான். அவன் பேசாவிட்டால் நாடகம் முடியாது.

ஆம்புரோஸ் ஒருநாளும் அந்த ஒருத்தனாக இருந்ததில்லை. இரண்டாம் அங்கத்தில் காவலனாகச் சாவான். ஓடிப்போய்த் தாடியை மாற்றிக்கொண்டு வந்து, மூன்றாம் அங்கத்தில் தூதுவனாக விஷம் குடிப்பான். ஐந்தாம் அங்கத்தில் யாருக்காவது மாமனாகக் குத்துப்படுவான். முற்றத்தில் நிற்கிற தரை ஜனம் அவன் முதலில் தலையை நீட்டினதுமே, "இன்னிக்கு எத்தனை, ஆம்புரோஸ்?" என்று கத்தும். அவன் கொஞ்சம் திரும்பி நின்று, முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு விரலோ மூன்று விரலோ காட்டுவான். அதற்கே கைதட்டல் விழும். சந்தோஷமான மனுஷன். செய்கிற வேலையை அவ்வளவு ரசித்துச் செய்தவனை நான் வேறு பார்த்ததில்லை.

ஆனால் ஒரே ஒரு ஆள் மட்டும் அவன் வேலையைப் பார்த்ததே கிடையாது. அவன் பெண்டாட்டி.

தாமசின் படித்துறையில் சிப்பி விற்கிறவள். அவள் குரல் எழுப்பினால் அக்கரையில் படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான். ஆம்புரோஸுக்கு அவள் இரண்டாம் தாரம் அல்ல, அவளுக்குத்தான் ஆம்புரோஸ் இரண்டாம் புருஷன். முதல் புருஷன் ரேஃப் படகோட்டி. கொள்ளைநோய் வந்த வருடத்தில் போய்விட்டான். கதவில் சிவப்புச் சிலுவை போட்டு, வெளியே பூட்டி, அவளையும் உள்ளேயே வைத்துவிட்டார்கள். பிணவண்டி வர மூன்று நாள் ஆனது.

ஆம்புரோஸ் கல்யாணத்துக்குக் கேட்டபோது அவள் சிப்பியைப் பிளந்துகொண்டே சொன்னாள்: "மூணு நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எந்திரிப்பான், எந்திரிப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எந்திரிக்கல. உன்னக் கட்டிக்கிறேன்யா. நீ நல்லவன், சிரிக்க வைக்கிற. ஆனா நீ சாவுறத பாக்க மட்டும் என்னக் கூப்பிடாத. ஒருத்தனப் பாத்தது போதும்."

"அது நெசமான சாவு இல்ல, தாமசின். முடிஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சு ஆடுவோம்."

"தெரியும். இருந்தாலும் வேணாம்."

ஏழு வருடம் அப்படியே ஓடியது. மயிலுக்கும் படித்துறைக்கும் கூப்பிடு தூரம்தான். முற்றத்தில் ஜனம் 'ஓ' என்று அலறும்போது படித்துறையில் அவளுக்குக் கேட்கும். கேட்டதும் அவள் கை ஒரு கணம் நின்றுவிடும். வாடிக்கைக்காரர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அவள் மறுபடியும் கத்தியை எடுக்கும் வரை காத்திருப்பார்கள். ஆம்புரோஸுக்கு இதை யாரோ ஒரு படகுக்காரன் சொன்னான். அன்றிலிருந்து அவன் மனதில் ஒரு முள் தைத்துக்கொண்டது. ஊரே கைதட்டுகிறது, இவளுக்கு அது இடியாக விழுகிறதே என்று இருந்தது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மத்தியானம், கடைசி வரை உயிரோடு நிற்கிற வேடத்தில் தன்னை அவள் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

இலையுதிர் காலத்தில் புது நாடகம் வந்தது, 'பாதுவா நகரத்துப் பழி'. எழுதினவன் ஜாஸ்பர் லோவெல். இளைஞன், விரலெல்லாம் மை, கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆம்புரோஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஹம்ஃப்ரியிடம் போனான்.

"அண்ணே, பதினாலு வருஷத்துல நான் ஒண்ணும் கேட்டதில்ல."

"இப்ப என்ன கேக்கப்போற? சாவுக்கு மெத்தை போடணுமா?"

"அந்த ஃபாபியோ வேஷம் எனக்குக் குடுங்கண்ணே. கடைசில பேசுவானே, அவன்."

ஹம்ஃப்ரி சிரித்த சிரிப்பில் இடுப்புவார் அறுந்திருக்கும். "உன்ன உயிரோட விட்டா ஜனம் காச திருப்பிக் கேக்கும்டா!"

ஜாஸ்பர் குதித்தான். "இவரா? இவர் உள்ள வந்தாலே எப்ப சாவார்னு பந்தயம் கட்டுறாங்க. என் கடைசி வசனத்த யாரு கேப்பாங்க? பன்னண்டு வரி! ராத்திரி பகலா எழுதினது!"

"தாமசின் பாக்க வர்றேன்னு சொல்லிருக்கா" என்றான் ஆம்புரோஸ். உண்மையில் அவளிடம் அவன் இன்னும் கேட்கவே இல்லை.

ஹம்ஃப்ரியின் சிரிப்பு நின்றது. அவரும் படித்துறையில் சிப்பி வாங்குகிறவர்தான், அவள் கை நிற்பதைப் பார்த்தவர்தான். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "சரி, எடுத்துக்க. ஒரு தடவதான்."

எங்கள் கூத்தரங்கத்தில் முழு நாடகமும் யாருக்கும் கிடைக்காது. ஏடு ஒன்றே ஒன்று. அது திரைக்குப் பின்னால் நின்று வரி எடுத்துக்கொடுக்கிற கிரிகரி ஃபென்னலிடம் இருக்கும். மற்றவர்களுக்கு அவரவர் பேச்சு மட்டும் எழுதின சுருள் தருவார்கள். ஆம்புரோஸ் தன் சுருளை வாங்கினதும் முதல் வேலையாகக் கடைசி வரைக்கும் உருட்டிப் பார்த்தான். 'சாகிறான்' என்ற சொல் எங்குமே இல்லை. சுருளைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்கு ஓடினான்.

"பாரு, தாமசின். மேல இருந்து கீழ வரைக்கும் பாரு. சாவே இல்ல!"

"எனக்கென்ன படிக்கத் தெரியுமா? சிப்பித் தண்ணி படப்போவுது, தள்ளிப் பிடி." அவள் கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினாள். "நெசமா சொல்றியா? கடைசி வரைக்கும் நிப்பியா?"

"கடைசி ஆளே நான்தான்டி."

"சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, வர்றேன். ஆனா மாடத்துலதான் உக்காருவேன். உக்கார்ற மெத்தைக்கும் சேத்து நீதான் காசு குடுக்கணும்."

அன்றைக்கு மயிலின் உச்சியில் கொடி ஏறியது. மூன்று முறை எக்காளம் ஊதினார்கள். முற்றம் நெருக்கியடித்தது, செய்தி அதற்குள் கரையெல்லாம் பரவியிருந்தது. ஆம்புரோஸ் கடைசி வரை சாகமாட்டானாம் என்று பேச்சு. நம்பாதவர்கள் நம்புகிறவர்களோடு ஒரு குவளை பீருக்குப் பந்தயம் கட்டியிருந்தார்கள். தாமசின் இரண்டாம் மாடத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் கையைக் கோத்து வைத்திருந்தாள்.

உடை மாற்றும் அறையில் ஆம்புரோஸ் வெல்வெட் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தான். போட்டு முடித்தபிறகுதான் இடது விலாவில் ஏதோ குளிர்ச்சியாக ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. பதினாலு வருடப் பழக்கம்! கை தன்பாட்டில் ரத்தப் பையை எடுத்துக் கட்டிவிட்டிருந்தது. அவிழ்க்கலாம் என்று பொத்தானைத் தொட்டான். அதற்குள் கிரிகரி திரையை விலக்கிவிட்டார்.

"போ போ, உன் இடம்தான்!"

இருக்கட்டும், யார் என்னைக் குத்தப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மேடைக்குப் போனான்.

"எத்தனை, ஆம்புரோஸ்?" என்று முற்றம் கத்தியது. அவன் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு விரலும் நீட்டாமல் முஷ்டியை மட்டும் காட்டினான். சிரிப்பு கூரையைத் தூக்கியது. மாடத்தில் தாமசினும் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்கே அவனுக்குப் பாதி ஜென்மம் கடைத்தேறிவிட்டது.

முதல் அங்கம் போயிற்று. இரண்டு, மூன்று, நான்கும் போயின. ஆவி வந்தது, தம்பி பைத்தியமானான், விஷம் தடவின கையுறையைப் போட்டுக்கொண்டு ஒரு பாதிரியார் துடிதுடித்துச் செத்தார். ஃபாபியோ ஒவ்வொரு காட்சியிலும் வந்து அறிவுரை சொல்லிவிட்டு நல்லபடியாக நடந்து போனான். நம்பாதவர்களுக்கு முகம் சுருங்கியது. "இன்னும் சாகலையா?" என்று ஒரு தோல் பதனிடுகிறவன் முனகினான். "சும்மா இருய்யா, அவன் பெண்டாட்டி மேல இருக்கா" என்று பக்கத்தில் நின்றவன் அதட்டினான்.

ஐந்தாம் அங்கம் விருந்து. மேடையில் நீள மேசை, அதில் வெள்ளை விரிப்பு, தகரத் தட்டுகள், கோப்பைகள். கோமகனும் கோமகளும் அவர்களுடைய ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்புரோஸ் மேசையின் ஓரத்தில், எல்லாரையும் விட்டு நான்கடி தள்ளி நின்றான். தம்பி வேடத்தில் இருந்த ஹம்ஃப்ரி முகமூடியைக் கிழித்தார், வாளை உருவினார். கோமகன் விழுந்தான். கோமகள் கோப்பையைக் குடித்து விழுந்தாள். மூன்று பேர் வரிசையாக விழுந்தார்கள். ஹம்ஃப்ரி தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டார். சாகிற வேகத்தில் வாளை வீசி எறிவது அவர் வழக்கம், ஜனத்துக்கு அது பிடிக்கும். வாள் ஆம்புரோஸுக்கு ஒரு கஜம் தள்ளிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போய்ப் பலகையில் விழுந்தது.

ஆம்புரோஸின் மூளைக்கு அது தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. இடது முழங்கால் முதலில் மடங்கியது, பிறகு தோள் சரிந்தது, விலா பலகையில் மோதியது, பை வெடித்தது. அப்படி ஒரு அழகான சாவை அவன் வாழ்நாளில் செத்ததில்லை.

முற்றம் 'ஓ' என்று அலறியது.

பிறகு நிசப்தம். மேடையில் ஏழு பிணம். பேசுவதற்கு ஒரு உயிர் பாக்கி இல்லை.

"அட பாவி!" திரைக்குப் பின்னாலிருந்து கிரிகரியின் குரல் சீறியது. "பேச வேண்டியவன் நீதான்டா!"

சுவரில் தலையை முட்டிக்கொள்ளும் சத்தமும் கேட்டது. அது ஜாஸ்பர்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றது ஹம்ஃப்ரியின் பிணம், உதடு அசையாமல்.

"தெரியலண்ணே" என்றது ஆம்புரோஸின் பிணம்.

அவன் விழுந்திருந்த வாக்கில் ஒரு கண் மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தாமசின் எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். சட்டையெல்லாம் ரத்தமாகத் தன்னை அவள் பார்ப்பதை ஆம்புரோஸ் பார்த்தான். ஏழு வருடமாக எதைக் காட்டமாட்டேன் என்றிருந்தானோ, அதையே கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டிவிட்டான். அவமானத்தில் அவனுக்கு உண்மையாகவே செத்துவிடலாம் போல இருந்தது.

அப்போது அவள் கைகளை எடுத்தாள். படித்துறைக் குரல் வெளியே வந்தது.

"எந்திரிய்யா!"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சத்தியம் பண்ணல? எந்திரி! எந்திரிய்யா, ஆம்புரோஸ்!"

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று கொள்ளைநோய் வருடத்தைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. எங்கள் கரையில் அதைப் பார்க்காதவர்கள் யார்? சிரிப்பு நின்றது. "எந்திரி!" என்றான் தோல் பதனிடுகிறவன், பந்தயத்தில் ஜெயித்தவன். அவன் பக்கத்தில் நின்றவனும் சொன்னான். பிறகு முற்றம் முழுக்கக் காலால் தரையை உதைத்துக்கொண்டு, "எந்திரி! எந்திரி!" என்று கத்தியது.

செத்தவன் எழுந்து பேசலாமா? பழிவாங்கும் நாடகத்தில் பேசலாமே, முதல் அங்கத்திலேயே ஒருத்தன் பேசினானே! ஆம்புரோஸுக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. கையை நீட்டினான். மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தான். தட்டும் கோப்பையும் கடகடவென்று உருண்டு கோமகன் மண்டையில் விழுந்தன. கோமகன், "ஐயோ" என்று சொல்லிவிட்டு மறுபடி செத்தான். ஆம்புரோஸ் வெள்ளை விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு மெல்ல எழுந்து நின்றான்.

"நான் ஃபாபியோவின் ஆவி" என்றான், கல்லறையிலிருந்து வருகிற குரலில். "இந்த வீட்டில் பேசுவதற்கு உயிரோடு ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே நானே வரவேண்டியதாயிற்று."

முற்றம் வெடித்தது. சிரிப்பு அடங்கும் வரை அவன் விரிப்புக்குள் பொறுமையாக நின்றான். பிறகு ஜாஸ்பரின் பன்னிரண்டு வரியையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னான். பாதுவா அழிந்ததைச் சொன்னான், பழி தன் வீட்டையே தின்றதைச் சொன்னான். சிரித்த அதே ஜனம் அந்த வரிகளுக்கு மூக்கைச் சிந்தியது. திரைக்குப் பின்னால் ஜாஸ்பரும் சிந்தினான்.

வசனம் முடிந்ததும் வழக்கம் போல மேளமும் குழலும் கிளம்பின. சோக நாடகத்துக்குப் பிறகு குதியாட்டம் இல்லாமல் எங்கள் ஊரில் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. கோமகன் தலையைத் தடவிக்கொண்டு எழுந்தான். கோமகள் பாவாடையைத் தட்டிவிட்டு எழுந்தாள். ஹம்ஃப்ரி தன் குடலை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார். கையுறைப் பாதிரியாரும் மாவு முகத்து ஆவியும் உள்ளேயிருந்து ஓடிவந்தார்கள். கொன்றவனும் செத்தவனும் கையைக் கோத்துக்கொண்டு பலகை அதிரக் குதித்தார்கள். நடுவில் ஆம்புரோஸ், ரத்தச் சட்டையும் மேசை விரிப்புமாக, எல்லாரையும் விட உயரமாகக் குதித்தான்.

தாமசின் உட்காரவே இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக எழுவதைப் பார்த்தாள். அழுதாள், சிரித்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மளிகைக்காரரின் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

வெளியே சந்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். "சத்தியத்த மீறிட்டேன், தாமசின்."

"இத ஏன்யா இத்தன வருஷமா சொல்லல?"

"எத?"

"எல்லாரும் எந்திரிக்கிறத!"

"கல்யாணத்துக்குக் கேட்டன்னிக்கே சொன்னேனே! நூறு தடவ சொல்லிருக்கேன்."

"சொன்ன." அவள் தோள் துணியால் அவன் கழுத்திலிருந்த ஆட்டு ரத்தத்தைத் துடைத்தாள். "காட்டல."

'பாதுவா நகரத்துப் பழி' அந்தக் குளிர்காலம் முழுக்க ஓடியது. ஜாஸ்பர் மறுநாளே உட்கார்ந்து, ஃபாபியோ செத்து ஆவியாக எழுவதை ஏட்டிலேயே எழுதிவிட்டான். அது தன் யோசனை என்று இன்றைக்கும் பீர்க்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். மேசை விரிப்பின் மேல் தட்டுகளை இப்போது கொஞ்சமாகத்தான் வைக்கிறார்கள், கோமகன் மிரட்டினதால்.

தாமசின் இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வருகிறாள். முழு நாடகத்துக்கும் அல்ல. ஐந்தாம் அங்கத்தில் அலறல் கேட்டதும் சிப்பிக் கூடையை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு படித்துறையிலிருந்து நடந்து வருவாள். அந்த நேரத்தில் வாசலில் யாரும் காசு கேட்பதில்லை. முற்றத்தின் ஓரத்தில் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். மேளம் கேட்டதும் திரும்புவாள்.

"அடியே, ஒரு நாளாவது முதல்லேர்ந்து வந்து பாரேன்" என்று ஆம்புரோஸ் கேட்டான். "நல்லாத்தான் சாவுறேன், எல்லாரும் சொல்றாங்க."

"சாவுறதெல்லாம் நான் பாத்தாச்சுய்யா" என்றாள் அவள். "எந்திரிக்கிறத மட்டும் எனக்குக் காட்டு."

அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொரு நாடகத்தில், அவள் வாசலில் தெரிந்ததுமே, மேளம் கொட்டுவதற்கு முன்னாலேயே அவன் ஆட எழுந்துவிட்டான். கிரிகரி அவனை ஒரு வாரம் திட்டினார்.